டன்ஜெனஸில் ஒரு கூட்டுக்குக் காவல்

ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை எட்டு மணி. தோர்ண்டன் ஹீத்தில் யோகேஸ்வரியின் வீட்டு வாசலில் நின்றேன். ஒரு வாரப் பயணத்துக்கு என்னிடம் இருந்தது முதுகில் ஒரு பை. அவள் உருட்டிக்கொண்டு வந்ததோ கொழும்புக்குப் போய்வருகிறவர்கள் கொண்டுபோகும் பெரிய பெட்டி. ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், பெட்டி அசையவில்லை. உள்ளே என்ன என்று கேட்டால் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், ரைஸ் குக்கர் என்று சாவதானமாகச் சொன்னாள்.

"அங்க அடுப்பு இருக்கு யோகா. போன ரெண்டு தடவையும் நான் அங்கதான் சமைச்சுச் சாப்பிட்டேன்" என்றேன்.

"அடுப்பு இருக்கும். சோறு இருக்குமே?" என்றாள்.

முப்பது வருஷப் பழக்கம். நான் அவளை நீ என்பேன், அவள் என்னை நீர் என்பாள், இருவரும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. நான் ஈப்போவில் பிறந்து, படிக்க வந்த இடத்திலேயே கணக்காளராக வேலை பார்த்து, இப்போது ஸ்ட்ரெதமில் ஓய்வூதியத்தோடு தனியாக இருப்பவள். யோகா யாழ்ப்பாணத்தவள். அவளும் அவள் கணவர் பாலனும் தோர்ண்டன் ஹீத்தில் காய்கறிக் கடை வைத்திருந்தார்கள். கடைக் கணக்குப் பார்க்கப் போனவள் அப்படியே வீட்டு மனுஷியாகிவிட்டேன். போன ஆகஸ்ட் மாதம் ஒரு மாலை, பாலன் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, தேநீர் கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். யோகா தேநீரோடு வந்தபோது அவர் இல்லை. அன்றிலிருந்து அவள் கோயிலையும் மளிகைக் கடையையும் தவிர எங்கும் போகவில்லை. பிள்ளைகள் கூப்பிட்டும் போகவில்லை. நான்தான் விடாப்பிடியாக நின்று, வருஷா வருஷம் நான் தொண்டு செய்யப் போகும் பறவைக் காப்பகத்துக்கு இந்த முறை அவளையும் சம்மதிக்க வைத்தேன்.

கிளம்பும் முன் ஒரு வேலை மிச்சம் இருந்தது. பின்வளவு வேலியின் மேல், ஒரு தட்டில் முதல் பிடிச் சோறும் பருப்பும் வைத்தாள். காகம் ஒன்று பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து இறங்கி வந்தது. அது உண்டு முடிக்கும்வரை கைகட்டி நின்றாள். பாலன் அண்ணன் போன நாளிலிருந்து, அவருக்கு வைக்காமல் அவள் ஒரு வாய் சோறு உண்டதில்லை. ஆண்டுத் திவசம் வரைக்குமாவது இப்படி என்பது அவள் முடிவு. எனக்குச் சாமி, சடங்கு எதிலும் நம்பிக்கை கிடையாது. எதற்கெடுத்தாலும் அவளைக் கேலி செய்கிற எனக்கு, இந்த ஒன்றில் மட்டும் வாய் திறக்க மனம் வந்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் குரொய்டனிலிருந்து சென்ட் பாங்கிராஸ். அங்கிருந்து வேக ரயிலில் அஷ்ஃபோர்ட், முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அஷ்ஃபோர்ட்டிலிருந்து லிட் என்ற சிற்றூருக்குப் பேருந்து, ஆளுக்கு மூன்று பவுண். அந்தப் பேருந்து ஆட்டுப் பட்டிகளையும் வாய்க்கால்களையும் சுற்றிச் சுற்றிப் போகும், அவசரக்காரர்களுக்கு ஆகாது. ஓட்டுநர் யோகாவின் பெட்டியைப் பார்த்துவிட்டு, குடிவருகிறீர்களா என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

லிட்டில் காப்பகத்தின் பொறுப்பாளர் ஹெலன் வேனோடு காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், மண் படிந்த பூட்ஸ், வார்த்தைகளை எண்ணிப் பேசுகிற பெண். ஊரைத் தாண்டியதும் மரங்கள் நின்றுபோயின. அப்புறம் புல்லும் நின்றுபோயிற்று. மிஞ்சியது கூழாங்கல். கண்ணுக்கு எட்டிய தூரம் மட்டும் பழுப்பும் சாம்பலுமாகக் கூழாங்கல், அதன் நடுவே அங்கொன்று இங்கொன்றாக மரப்பலகை வீடுகள், வேலி கிடையாது. ஒரு கறுப்புக் கலங்கரை விளக்கம். அதற்குப் பின்னால், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பெட்டிகள் மாதிரி அணுமின் நிலையம். இங்கிலாந்தின் ஒரே பாலைவனம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வானிலைக்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. மழை என்னவோ பெய்யத்தான் செய்கிறது, கல் அதைப் பிடித்து வைப்பதில்லை, அவ்வளவுதான்.

"இதிலை என்ன இருக்கெண்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீர்?" என்றாள் யோகா.

லண்டனிலிருந்து எழுபது மைல் வந்து, கல்லைக் காட்டுகிறேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது. முதல் வருஷம் நானும் அதையேதான் நினைத்தேன்.

காப்பகத்தின் பெயர் இங்கே வேண்டாம். சிறிய இடம், கூட்டம் சேர்ந்தால் தாங்காது. பார்வையாளர் மையம் ஒரே அறைதான். அதன் பெரிய கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே, முன்பு கல் தோண்டிய பள்ளம் இப்போது ஏரியாகக் கிடக்கிறது. தொண்டர்களுக்கு மையத்தின் பின்புறம் மர வீடு ஒன்று, இரண்டு கட்டில், ஒரு சமையலறை. வேலை கடினமில்லை. வருகிறவர்களை வரவேற்க வேண்டும், தொலைநோக்கியை இரவல் கொடுத்து வாங்க வேண்டும், அன்றைக்குக் கண்ட பறவைகளின் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும், தேநீர் ஊற்ற வேண்டும். தேநீர் இரண்டு பவுண், கேக்கோடு என்றால் நான்கு. கடையில் முப்பது வருஷம் நின்ற யோகாவுக்கு இதெல்லாம் கைவந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் தேநீர் மேசையைத் தன் வசதிக்குத் திருப்பிப் போட்டுவிட்டாள். ஹெலன் அதைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

அன்று காலையே ஹெலன் எங்களை நிறுத்தி வைத்து விதிமுறைகளைச் சொல்லியிருந்தார். பாதையை விட்டு இறங்கக் கூடாது. நாய்களைக் கயிற்றில் பிடிக்கச் சொல்ல வேண்டும். பறவைகளுக்கு எந்தத் தீனியும் வெளியே போடக் கூடாது. யோகாவுக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும், தலையாட்டினாள். அதற்குப் பிறகு கார் நிறுத்தும் இடத்தின் கோடிக்கு அழைத்துப் போனார். அங்கே கூழாங்கல் தரையில் நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை போலிருந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் ஒரு சின்னப் பறவை, கழுத்தில் கறுப்புப் பட்டி, தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. அது எழுந்து நகர்ந்தபோது நான்கு முட்டைகள். கல்லின் நிறம், கல்லின் புள்ளி. பக்கத்தில் நின்றாலும் மிதித்துவிடுவோம். தமிழில் அதற்கு உப்புக்கொத்தி என்று பெயர், அதைப் பிற்பாடுதான் தேடிக் கண்டுபிடித்தேன். கம்பிக் கூண்டு போட்டு மூடக் கூடாதா என்று நான் கேட்டேன். கூண்டு வைத்தால் நரிக்கும் காகத்துக்கும் நாமே இடத்தைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும், ஆள் உட்கார்ந்து பார்ப்பதுதான் நல்லது என்றார் ஹெலன். மடக்கு நாற்காலி ஒன்றைப் போட்டு யோகாவை உட்கார வைத்தார்.

திங்களன்று அவள் நாற்காலியில் அலுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். செவ்வாயன்று ஒரு நாய் கயிற்றருகே வந்துவிட்டது. உப்புக்கொத்தி கூட்டைவிட்டு ஓடி, ஒரு சிறகைத் தரையில் இழுத்து, அடிபட்டதுபோல் தத்தித் தத்தி நாயைத் தன் பின்னால் வரவழைத்துக்கொண்டு போயிற்று. நாய் தூரம் போனதும் சிறகை மடக்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. யோகா மையத்துக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நடிக்கிறா, மல்லிகா. என்ன நடிப்பு எண்டு வந்து பாரும்."

பத்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் பாலன் அண்ணனைத் தவிர வேறு ஒன்றைப் பற்றி என்னிடம் பேசினாள். இரவுச் சாப்பாட்டில் முழுக்க அந்தப் பறவைக் கதைதான். புருஷனும் பெண்சாதியும் மாறி மாறி அடைகாக்கிறார்களாம், மாறும்போது ஒரு சின்னச் சத்தம் கொடுக்கிறார்களாம். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்துகொண்டேன்.

புதன்கிழமை காலை ஹெலன் தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். முட்டை மூன்றுதான் இருந்தது. விடிகாலையில், நாற்காலியில் ஆள் வருவதற்கு முன், காகம் எடுத்திருக்க வேண்டும் என்றார். வழக்கமாகக் காகங்கள் பண்ணை வீடுகளின் பக்கமாகவே இருக்கும், இந்த வாரம் ஏன் மையத்தையே சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று தெரியவில்லை என்று சொன்னார். யோகா வாயில் கைவைத்து நின்றாள். தன் வீட்டில் களவு போனதுபோல் இருந்தது அவள் முகம்.

நான் மர வீட்டின் பின்பக்கம் போனேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துத் தட்டைக் கல்லில் ஒரு காகிதத் தட்டு, அதில் ஒட்டிக் காய்ந்த நாலைந்து பருக்கை. மதியத்தில் நான் மையத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அவள் வீட்டுக்கு வந்து சமைத்து, வைத்து, பிறகு உண்டிருக்கிறாள். வைக்காமல் எப்படி இருந்திருப்பாள்? வேலியின் மேல் தினமும் நடப்பதைப் பார்த்திருந்தும் எனக்கு இது தோன்றவில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அன்று இரவு சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். உன் சோற்றைத் தேடித்தான் காகம் வந்தது என்று சொல்வது எளிது. ஆனால் வந்த காகம் யார் என்பது அவள் கணக்கில் வேறு. முட்டையைத் தின்றது பாலன் அண்ணன் என்றல்லவா அவளுக்குப் போய்ச் சேரும்? ஒரு எறும்பை மிதித்தாலும் வருத்தப்படுகிற மனிதர் அவர். விளக்கை அணைத்த பிறகும் மூன்று தடவை "யோகா" என்று ஆரம்பித்தேன். மூன்று தடவையும் காலையில் பால் வாங்க வேண்டும், சவர்க்காரம் தீர்ந்துவிட்டது என்று ஏதேதோ சொல்லி முடித்தேன்.

வியாழக்கிழமை காற்று பலமாக அடித்தது. கடற்கோசின் தடித்த இலைகளும் நீலப் பூச்செடிகளும் தரையோடு சாய்ந்து கிடந்தன. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் யோகாவுக்குத் தேநீர் எடுத்துப் போனேன். கயிற்றுக்கு அப்பால், ஒரு காகம் கூழாங்கல்லின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தது. பறக்கவில்லை, தெரிந்த வீட்டுக்கு வருவதுபோல் நடந்து வந்தது. உப்புக்கொத்தி கத்தியது, சிறகை இழுத்து நடித்தது. காகம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். யோகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு எழுந்து நின்று கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ."

கடையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பாலன் அண்ணனை அவள் கூப்பிடுகிற கூப்பிடல் அது. அவர் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

"இஞ்சாருங்கோ, அதிலை போகாதேங்கோ. அது குஞ்சு பொரிக்க இருக்கிற சீவன். உங்களுக்குப் பசி எண்டு எனக்குத் தெரியும். பிழை என்னிலைதான், நான் இஞ்சை வைச்சிருக்கக் கூடாது. இனி இஞ்சை வைக்க மாட்டன். வீட்டை வாங்கோ, வைக்கிறன்."

காகம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. இன்னும் இரண்டடி கூட்டை நோக்கி வைத்தது. யோகா தோளில் போட்டிருந்த சால்வையை உருவி வீசிக்கொண்டு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. கல் சறுக்கி ஒரு முழங்கால் தரையில் மோதியது, எழுந்து மறுபடி ஓடினாள். காகம் எழும்பிப் பறந்து அறிவிப்புப் பலகைக் கம்பத்தில் போய் உட்கார்ந்தது. அவள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"பறவைக்குத் தீனி போடக் கூடாதெண்டுதானே அவ சொன்னவ" என்றாள் கடைசியில். "நான் இவருக்கெல்லோ வைச்சனான்."

ஆறிப்போன தேநீரை அவள் கையில் கொடுத்தேன், குடித்தாள். பிறகு நான் தடுத்தும் கேளாமல் தானே ஹெலனிடம் போனாள். நான் கதவருகே நின்றேன். கடைக்காரியின் நறுக்கென்ற ஆங்கிலத்தில், எதையும் மறைக்காமல் சொன்னாள்: கணவர் செத்துப் பத்து மாதம், எங்கள் வழக்கம் இது, முட்டை போனது என்னால்தான், இன்றைக்கே போகச் சொன்னாலும் போகிறேன். அடுத்த வருஷமும் கூடு கட்டும், மூன்று குஞ்சு வளர்ப்பதே அதற்குப் பெரிய பாடு என்று ஹெலன் சொன்னார். விதியை அவர் தளர்த்தவில்லை, வெளியே ஒரு பருக்கைகூட இருக்கக் கூடாது என்று திரும்பவும் சொன்னார். அப்புறம், உங்கள் கணவரின் பெயர் என்ன என்று கேட்டார். யோகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

அவருக்கு வைக்காமல் சோறு உண்ண மாட்டாள், வைக்கவும் முடியாது. ஆகவே அவள் சோறே சமைக்கவில்லை. அத்தனை தூரம் இழுத்து வந்த ரைஸ் குக்கர் அலமாரியில் கிடந்தது. வியாழன் இரவும் வெள்ளி முழுவதும் ரொட்டியும் வெண்ணெயும் பால்தேநீரும்தான். நான் அவித்த நூடில்ஸைக்கூடத் தொடவில்லை. வெள்ளி மதியம் வழக்கமான நேரத்துக்குக் காகம் தட்டைக் கல்லில் வந்து உட்கார்ந்து கரைந்தது. அது நிறுத்துவதாக இல்லை. யோகா கூட்டருகே அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை, எழும்பவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. தேவாரமாக இருக்கலாம், அவரிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் இருக்கலாம். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், என்ன செய்வதென்று தெரியவில்லை. கேலி பேசிப் பழகிய வாய்க்கு இப்படிப்பட்ட நேரத்தில் ஒன்றும் வருவதில்லை.

சனிக்கிழமை, ஊர் திரும்பும் நாள். பெட்டியையும் பையையும் கட்டி முடித்த நேரத்தில் ஹெலன் சன்னலைத் தட்டினார். மூவரும் சத்தமில்லாமல் போனோம். தொலைநோக்கியை யோகாவின் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். இரண்டு குஞ்சுகள் வெளியே வந்திருந்தன. தீக்குச்சிக் காலில் பஞ்சு ஒட்டி வைத்ததுபோல் இருந்தன. பிறந்த காலையிலேயே ஓடப் பார்த்துக் கல்லில் தடுக்கி விழுந்தன. மூன்றாவது இன்னும் ஈரமாக, ஓட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதுவும் எழுந்து நிற்கிறவரை யோகா தொலைநோக்கியை எங்களுக்குத் தரவில்லை. எங்கள் பேருந்து போய்விட்டது. ஹெலன் அஷ்ஃபோர்ட் வரை தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

வேனில் ஏறும்போது காகம் அறிவிப்புப் பலகைக் கம்பத்தில் இருந்தது. யோகா ஒரு காலை உள்ளே வைத்தவள் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, நாங்கள் வெளிக்கிடுறம். நீங்களும் வாங்கோ. பாதை தெரியும்தானே?"

ஹெலன் என்ன என்று கேட்கவில்லை. யோகா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்வரை இயந்திரத்தை முடுக்காமல் காத்திருந்தார். கல்வெளி முடிந்து முதல் மரம் வந்தது. யோகா பின்கண்ணாடி வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சென்ட் பாங்கிராஸில் இறங்கியபோது அந்தக் கூட்டமும் அறிவிப்பும் காதை அடைத்தன. ஒரு வாரம் காற்றையும் பறவையையும் மட்டும் கேட்டுவிட்டு வந்தால் லண்டன் எல்லோரும் ஒரே நேரத்தில் சண்டை பிடிக்கிற வீடுபோல் இருக்கிறது. தோர்ண்டன் ஹீத் கடைவீதியில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் நடைபாதை வரை அடுக்கியிருந்தார்கள், யாரோ யாரையோ "அண்ணை" என்று கூப்பிட்டார்கள். அவளை வீட்டில் விட்டுவிட்டு ஸ்ட்ரெதமுக்குப் பேருந்து ஏறினேன். அந்தக் கல்வெளியில் நாலு பக்கமும் வானம் தரையைத் தொடும். இங்கே என் சமையலறைச் சன்னலில் எதிர்வீட்டுப் புகைபோக்கிக்கும் அடுத்த வீட்டுப் புகைபோக்கிக்கும் இடையில் ஒரு துண்டு வானம்தான், அதில் காகம் ஏதும் தென்படுகிறதா என்று அன்று மாலை இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தேன்.

சரியாகத் தூக்கம் வரவில்லை. ஒரு வாரம் வேலியில் சோறு இல்லை. பக்கத்து வீட்டுக் கூரைக் காகம் வேறு தெருவைப் பார்த்துப் போயிருந்தால்? காலையில் அவள் தட்டை வைத்துக் கைகட்டி நிற்க, ஒன்றும் வராமல் போனால்? அங்கே துரத்தியதற்குக் கோபம் என்று எடுத்துக்கொள்வாள், அப்புறம் அவளை யாராலும் வெளியே கூட்டிப்போக முடியாது. லண்டனில் காகத்துக்கா பஞ்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

ஞாயிறு காலை, நான் கோப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. வணக்கம், சுகமா என்ற பேச்சு ஒன்றும் இல்லை.

"வந்திட்டார்" என்றாள் யோகா.

அடுப்பை அணைத்தேன். அங்கேயே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சாப்பிட்டாரா?" என்று கேட்டேன்.

"ஓம். நல்ல பசி போலை. ரெண்டாம் தரமும் வைச்சனான்."